கற்பிப்போர் கற்ற கதை

மதுரைக் கோரிப்பாளையத்தைக் கடந்து வடக்கே அழகர்கோவில் சாலையில் செல்கிறவர், தொடக்கத்திலேயே அமெரிக்கன் கல்லூரியைக் காண்பார். 1881-இல் பசுமலையில் பிறந்து, பின்னர் இங்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. அங்கிருந்து புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி என ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றால் மலையடிவாரத்தில் அழகர்கோவில். அதன் அருகே கிடாரிப்பட்டியில் பொறியியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. சாலையின் ஒரு முனையில் சுண்ணக்கட்டியின் காலத்தில் தோன்றிய கல்லூரி; மறுமுனையில் கணிப்பொறியின் காலத்தில் தோன்றிய கல்லூரி. பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடும் இந்தத் தொலைவை நம் கல்லூரி ஆசிரியர்கள் கடக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த நெடும்பயணத்தின் வரலாறு நம்மில் பலர் அறியாதது.

மாணவர்கள் கணிப்பொறி கற்ற கதையை எல்லாரும் பேசுகிறோம். நம் பிள்ளைகளின் வேலை, வெளிநாட்டுப் பயணம், வீட்டின் புதிய மாடி எல்லாம் அந்தக் கதையோடு பின்னிக் கிடக்கின்றன. ஆனால் அவர்களுக்குக் கற்பித்தவர்கள் எங்கே, எப்போது, யாரிடம் கற்றார்கள் என்று எவரும் கேட்பதில்லை. நான் அறிந்த மூத்த பேராசிரியர் ஒருவர், ஐம்பது வயதில் பயிற்சி வகுப்பொன்றில் முதன்முறையாகக் கணிப்பொறியின் முன் அமர்ந்தார். சங்க இலக்கியத்தைப் புத்தகம் பாராமல் நடத்தக்கூடியவர். அன்று சுட்டியைப் பிடித்த அவர் கை நடுங்கியது. அவரிடம் முன்பு படித்த இளைஞரே அன்று பயிற்றுநர். மாணவர் முன்னே தடுமாறும் வெட்கத்தை ஒரு புன்னகையால் மறைத்துக்கொண்டு, "இன்று நீ எனக்கு ஐயா" என்றார் பேராசிரியர். அந்தச் சொல்லின் பின்னே இருந்த மனப்போராட்டத்தை எண்ணியபோதுதான், இந்த வரலாற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கான்பூரில் ஒரு தொடக்கம்

கதை நம் ஊரிலிருந்து வெகு தொலைவில், கங்கைக் கரையில் தொடங்குகிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1962 முதல் 1972 வரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது கூடித் துணைநின்றன. அத்திட்டத்தின் வழியாக 1963-இல் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி அங்கு வந்து சேர்ந்தது. நாட்டில் அதற்கு முன்பும் கணிப்பொறிகள் இருந்தன. அவை ஆய்வுக்கூடங்களின் கதவுகளுக்குப் பின்னே இருந்தன. கான்பூரில்தான் அது வகுப்பறையின் பொருளாயிற்று.

அங்கே பணியாற்றியவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வை. ராஜாராமன். அவரும் உடன் பணியாற்றியோரும் தம் மாணவர்க்குக் கற்பித்ததோடு நிற்கவில்லை. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து ஆசிரியர்களையும் அறிவியலாளர்களையும் வரவழைத்து, பத்து நாட்கள் கொண்ட செறிவான பயிற்சிகளைத் தொடர்ந்து நடத்தினார்கள். உரையைக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் பயிற்சியாக அது இருக்கவில்லை. வந்தவர் தாமே நிரல் எழுத வேண்டும். அட்டையில் துளையிட வேண்டும். இயந்திரத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிழை வந்தால் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். பேராசிரியர் என்னும் பட்டம் அந்த இயந்திரத்திற்குத் தெரியாது. தவறு செய்தால் யார்க்கும் தவறென்றே சொல்லும். அந்தப் பாடத்தைத் தம் கைகளால் கற்றவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி விதைகளானார்கள். ராஜாராமன் 1969-இல் எழுதி வெளியிட்ட கணிப்பொறி நிரலாக்க நூல், எளிய மாணவரும் ஆசிரியரும் வாங்கக்கூடிய குறைந்த விலையில் வந்து நாடெங்கும் பரவியது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 வகைப் பெருங்கணிப்பொறி 1973-இல் நிறுவப்பட்டபோது, நம் மாநிலத்துக் கணித, பொறியியல் ஆசிரியர்களுக்கும் வாயில் சற்றே அருகில் வந்தது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதுவரை வந்தவர்கள் கணக்கு, இயற்பியல், பொறியியல் ஆகிய துறைகளின் ஆசிரியர்களே. கணிப்பொறி என்பது கணக்குப் போடும் பொறி. ஆகவே அது கணக்கு ஆசிரியருக்குரியது என்றே உலகம் எண்ணியது. வரலாறும் தமிழும் பொருளியலும் கற்பித்தவர்கள் அந்த அறையை வெளியே நின்று பார்த்தார்கள்.

கருவி முந்தியது, ஆசிரியர் பிந்தினார்

புதிய கருவி வரும்போதெல்லாம் ஆசிரியரை மறந்துவிடுவது நம் நாட்டின் குறை மட்டும் அன்று. திரைப்படம் வந்தபோது, பள்ளிகளில் புத்தகத்திற்கு இனி வேலை இராது என்று 1913-இல் கூறினார் அறிவியலாளர் எடிசன். அடுத்து வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. ஒவ்வொரு முறையும் வகுப்பறை மாறிவிடும் என்றனர். மாறாதபோது ஆசிரியர் மேல் பழி போட்டனர். அமெரிக்கக் கல்வி வரலாற்றறிஞர் லாரி க்யூபன் 1986-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுழற்சியை விரிவாக ஆராய்ந்தார். கருவியைத் தேர்ந்தவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்கள் என்பதும், நாற்பது அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் அக்கருவி எந்த நேரத்தில், எந்த வேலைக்கு உதவும் என்று ஆசிரியரைக் கேட்டவர் இல்லை என்பதும் அவரது ஆய்விலிருந்து நாம் பெறும் பாடம்.

நம் நாட்டிலும் அதுவே நிகழ்ந்தது. நடுவண் அரசு 1984-இல் 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. பின்னர் திட்டம் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு விரிந்தது. பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு, உயர்கல்வி நிறுவனங்களில் அமைந்த வள மையங்களுக்குத் தரப்பட்டது. அதாவது, கல்லூரி ஆசிரியர் தாமே கற்றுக்கொண்டிருந்த வேளையில் பிறருக்கும் கற்பிக்க வேண்டியவரானார். பயிற்சிக்குக் கிடைத்த காலமோ சில வாரங்களே. மென்பொருள்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நம் பாடத்திட்டத்தோடு அவற்றுக்கு உறவு குறைவு. தூசி படியும் என்று அஞ்சிப் பூட்டிய அறைக்குள் இயந்திரத்தை வைத்து, சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்த பள்ளிகள் எத்தனை! வெல்லத்தைப் பானையில் இட்டு, உறியில் கட்டி, பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கவைத்த கதையாயிற்று அது.

பல்கலை நகரில் நான்கு வாரம்

கல்லூரி ஆசிரியருக்கென்றே ஒரு கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையால் உருப்பெற்றது. பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பயிற்சிப் பட்டம் தேவை. கல்லூரி ஆசிரியருக்கோ பாட அறிவு போதும். கற்பிக்கும் முறையை அவர் தம் ஆசிரியர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார். இக்குறையை நீக்கப் பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களில் 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்' என்னும் பயிற்சி நிறுவனங்களை அமைத்தது. மதுரைக்கு மேற்கே பல்கலை நகரில் உள்ள காமராசர் பல்கலைக்கழகமும் அவ்வாறு ஒன்றைப் பெற்றது. இந்நிறுவனங்கள் 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்றும், 2023-இல் மாளவியா திட்டத்தின்கீழ் ஆசிரியர் பயிற்சி மையம் என்றும் பெயர் மாறின.

புதிதாகப் பணியேற்றவருக்கு நான்கு வாரத் தொடக்கப் பயிற்சி. அனுபவமுள்ளவருக்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்ற கணக்கில் நான்கு வாரத்திற்கு 144 மணி நேரம். அந்த நேரத்திற்குள் சமுதாயமும் கல்வியும், கல்வித் தத்துவம், நிர்வாகம், ஆளுமை வளர்ச்சி ஆகியவற்றோடு, தகவல் வளங்களை அறிதல் என்ற பகுதியும் இருந்தது. நூலகமும் கணிப்பொறியும் அந்தப் பகுதியில் அடங்கின. தமிழாசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் வணிகவியல் ஆசிரியரும் ஒரே அறையில் அருகருகே அமர்ந்து கணிப்பொறியைத் தொட்டது பெரும்பாலும் இத்தகைய பயிற்சிகளில்தான். அந்த வகையில் இது பெரிய சமத்துவம். முன்பு வெளியே நின்று பார்த்தவர்கள் இப்போது உள்ளே வந்தார்கள்.

ஆனால் இதிலும் ஒரு முள் இருந்தது. இப்பயிற்சிகள் பதவி உயர்வோடும் ஊதிய உயர்வோடும் கட்டப்பட்டிருந்தன. கட்டாயம் இல்லாவிட்டால் பலர் வந்திருக்கவே மாட்டார்கள் என்பது உண்மை. கட்டாயத்தால் வந்தவருள் சிலர் சான்றிதழை மட்டும் எடுத்துச் சென்றனர் என்பதும் உண்மை. அந்த நான்கு வாரத்தில் கணிப்பொறிக்குக் கிடைத்தவை சில மணி நேரங்களே. கோப்பைத் திறத்தல், எழுத்தைப் பெரிதாக்கல், படவில்லைகளை அடுக்குதல் ஆகியவற்றைக் கற்று ஊர் திரும்பிய ஆசிரியர், தம் கல்லூரியில் தொட்டுப் பார்க்க ஒரு கணிப்பொறி இல்லாமல் ஆறு மாதத்தில் அனைத்தையும் மறந்தார். நீச்சலைக் கரையில் கற்பித்துவிட்டு, நீரில்லாத ஊருக்கு அனுப்பினால் என்ன பயன்?

மொழி என்னும் வாயில்

இதே காலத்தில், அரசாணையோ பதவி உயர்வோ இன்றி, தம் பாடத்தின் மீதுள்ள அன்பினால் மட்டும் கணிப்பொறியைத் தேடிச் சென்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. 1946-இல் பிறந்தவர், சிறுகதை எழுத்தாளர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். ஆசிரியராகப் போகிறவர்களுக்குக் கற்பிப்பதே அவர் தொழில். கணிப்பொறியில் தமிழ் வராவிட்டால் நாளைய வகுப்பறையில் தமிழுக்கு இடமிராது என்று கண்டவர், தாமே முயன்று கணிப்பொறியைக் கற்று, 'கணியன்' என்னும் தமிழ் எழுத்து முறையை உருவாக்கினார். சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றிய முயற்சி 1995 அக்டோபரில் வெளியிடப்பட்டபோது, அதில் தமிழும் ஒளிர்ந்தது; அதற்குத் துணைநின்றவர் அவர். இணையத்தில் தமிழ் பற்றிய முதல் மாநாடு 1997-இல் சிங்கப்பூரில் கூடியதிலும் அவர் பங்கு பெரிது. 1999-இல் அவர் மறைந்தார்.

சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். அவரது முன்முயற்சியில் 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, பழந்தமிழ் நூல்களை யார்க்கும் விலையின்றிக் கிடைக்கச் செய்தனர். தமிழ் வளர்த்த நம் நகரத்தின் பெயரை அவர்கள் தேர்ந்தது நமக்குப் பெருமை. நூலகத்தில் கிடைக்காத ஒரு பதிப்புக்காகப் பேருந்தேறிச் சென்னை சென்ற தமிழாசிரியருக்கு, தம் மேசையிலேயே அந்த நூல் திறந்ததென்றால், அந்த நொடியில் அவருக்குக் கணிப்பொறி கற்பிக்க வேறு பயிற்றுநர் தேவையில்லை. நம் மூத்த பேராசிரியரின் நடுக்கம் தீர்ந்ததும் அவ்வாறே. எட்டாம் நாள் திரையில் ஓர் இலக்கிய வரி தமிழ் எழுத்தில் வந்து நின்றபோது, அவர் எழுந்து நின்றுவிட்டார்.

இதற்கும் தடை இருந்தது. ஒருவர் ஓர் எழுத்துருவில் அடித்த பாடம் இன்னொருவர் கணிப்பொறியில் புரியாத குறிகளாகத் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, 'தமிழ் 99' விசைப்பலகையும் பொதுக் குறியீட்டு முறைகளும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. 2010-இல் ஒருங்குறியும் ஏற்கப்பட்டது. ஆசிரியர்கள் தயங்கியதைச் சோம்பல் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். தம் மொழியைத் தெளிவாகக் காட்டாத கருவியை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

தொலைவு குறைந்த காலம்

2009-இல் தொடங்கிய தகவல் தொடர்புத் தொழில்நுட்பக் கல்வி இயக்கத்தின்கீழ், பயிற்சியின் வடிவத்தையே மாற்றிப் பார்த்தனர் சிலர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தீபக் பாடக், ஒரே நேரத்தில் பத்தாயிரம் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க முடியுமா என்று கேட்டார். அதற்கு அவர் கண்ட வழி எளிது. நாட்டின் பல கல்லூரிகள் தொலை மையங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு மையத்திலிருந்தும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் முன்னதாகவே பயிற்சி பெற்றுத் திரும்புவார். பின்னர் மும்பையில் நடக்கும் வகுப்பு எல்லா மையங்களுக்கும் நேரலையாக வரும்; செய்முறையை அந்தந்த ஊரில் அந்த ஒருங்கிணைப்பாளர் அருகிருந்து நடத்துவார். ஆசிரியர் தம் குடும்பத்தை விட்டு வாரக்கணக்கில் பிரிய வேண்டியதில்லை. தடுமாறும்போது தோளருகே குனிந்து காட்ட, தம்மைப் போன்ற இன்னோர் ஆசிரியர் இருப்பார். தொலைவிலிருந்து அறிவு வந்தது. அருகிலிருந்து துணை வந்தது. இந்த இரண்டாவதையே முந்தைய திட்டங்கள் மறந்திருந்தன.

அதே கழகத்தின் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டம், இலவச மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான சிறு பாடங்களாகப் பிரித்து, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் குரல் கொடுத்து வழங்கியது. பிறர் பார்க்கத் தடுமாற வெட்கப்படுகிறவர், வீட்டில் தனியே அமர்ந்து, நிறுத்தி, திரும்பக் கேட்டுக் கற்க வழி பிறந்தது. 2018-இல் ஆசிரியருக்கான ஆண்டுப் புத்தொளிப் பயிற்சியே 'ஸ்வயம்' தளத்தின் வழியாக இணையத்துக்கு வந்தது.

இதற்கிடையே தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. ஏழை வீட்டுப் பிள்ளையின் மடியில் கணினி வந்து அமர்ந்தது சமூக நீதியின் பெரிய நிகழ்வு. ஆனால் வகுப்பறையில் அதுவரை காணாத ஒரு காட்சியும் நேர்ந்தது. எதிரே அமர்ந்திருப்பவர் கையில் கருவி. மேடையில் நிற்பவர் கையில் சுண்ணக்கட்டி.

வாயில்கள் அடைபட்ட ஆண்டு

2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோயால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, அரை நூற்றாண்டாகத் தள்ளிப்போட்ட பாடம் ஒரே வாரத்தில் தேர்வாக வந்து நின்றது. புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினார்கள் நம் ஆசிரியர்கள். வீட்டிலிருந்த மகனோ மகளோ பயிற்றுநரானார். மாணவர் பக்கத்தில் இணைய வசதிக்கே தவிப்பு. 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை, நாளொன்றுக்கு 2 ஜி.பி. அளவில், 9 இலட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்க்குத் தமிழக அரசு தரவு அட்டைகள் வழங்கியது. முகம் தெரியாத கறுப்புக் கட்டங்களை நோக்கி மணிக்கணக்காகப் பேசிய ஆசிரியரின் தனிமைக்கு எவரும் அட்டை வழங்கவில்லை. அவர்கள் அதையும் சுமந்தார்கள்.

2022 நவம்பருக்குப் பின் செயற்கை நுண்ணறிவு மாணவரின் கட்டுரையை எழுதித் தரத் தொடங்கியிருக்கிறது. மீண்டும் கருவி முந்திவிட்டது. மீண்டும் சில மணி நேரப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. நாம் பழைய தவறை மீண்டும் செய்யப் போகிறோமா என்பதே இன்றைய கேள்வி.

வரலாறு தெளிவாகவே பேசுகிறது. கான்பூரில் ஆசிரியர் தம் கையால் செய்து, பிழைபட்டு, திருத்திக் கற்றார், அது நிலைத்தது. சிங்கப்பூர்க் கோவிந்தசாமி தம் பாடத்தின் மீதான அன்பின் வழியே கருவியை அடைந்தார், அது நிலைத்தது. மும்பையின் திட்டத்தில் அருகே ஒரு துணை இருந்தது. அதனால் பலர் துணிந்தனர். இயந்திரத்தை முதலில் அனுப்பி ஆசிரியரைப் பிறகு நினைத்த இடங்களில் எஞ்சியவை பூட்டிய அறைகளே. ஆக, ஆசிரியருக்கு வேண்டுவன மூன்று: தம் பாடத்திலிருந்து புறப்படும் பாதை, பழகுவதற்குக் காலம், பிழை செய்தால் நகைக்காத சூழல். முதல் இரண்டையும் நிர்வாகங்கள் தர வேண்டும். மூன்றாவதை நாம் எல்லாரும் தர முடியும். "எனக்கு இது தெரியாது; கற்றுக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லும் ஆசிரியரைப் பற்றி நம் பிள்ளை வீட்டில் ஏளனமாகப் பேசினால், அந்தச் சொல்லின் அருமையை எடுத்துச் சொல்லும் கடமை பெற்றோராகிய நம்முடையது.

ஆண்டுதோறும் சித்திரையில், இதே அழகர்கோவில் சாலை வழியாகத்தான் அழகர் மலையை விட்டு மதுரைக்கு வந்து வைகையில் இறங்குகிறார். இந்தச் சமவெளியின் மக்கள் எச்சமயத்தவராயினும் அந்த இறக்கத்தை அறிவார்கள். உயரத்தில் இருப்பவர் இறங்கி வருவதை எவரும் தாழ்வாக எண்ணுவதில்லை. ஊரே கூடி எதிர்கொள்கிறது. மேடையிலிருந்து இறங்கி, மாணவரின் இருக்கையில் அமர்ந்து, நடுங்கும் கையால் புதியதைத் தொடும் ஆசிரியரையும் நாம் அவ்வாறே எதிர்கொள்ளக் கற்போமாக.